கமெண்ட்ரி அண்ணாச்சி

குற்றாலத்துக்கென்று கிளம்பிய மூன்று பேர் சங்கரன்கோவிலில் இறங்கியதற்கு மழைதான் காரணம். ரயில் ராஜபாளையத்தைத் தாண்டும்போது சிவப்ரியாவின் கைபேசியில் செய்தி வந்தது. மலையில் கனமழை, அருவிகளில் வெள்ளம், குளிக்கத் தடை. அவள் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஹெலன்தான் துள்ளி எழுந்தாள்.

"பொட்டிய எடுங்கட்டி. எங்க ஊர்ல இறங்கிருவோம். நாளைக்கு ஆடித்தவசுத் திருவிழா. குத்தாலம் எங்கயும் ஓடியா போவுது?"

மூவரும் தாம்பரத்தில் ஒரே அரசு அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்கள். ஹெலனுக்குச் சங்கரன்கோவில் சொந்த ஊர். அவள் தம்பி ஜெயசிங் அங்கே துணிக்கடை வைத்திருந்தான். சிவப்ரியா தஞ்சாவூர்ப் பக்கம். மாலதிக்குப் பூர்வீகம் திருநெல்வேலி. சின்ன வயதில் அம்மாவோடும் தம்பி ஹரிசங்கரோடும் ஒரே ஒரு தடவை இந்த ஊருக்கு வந்திருக்கிறாள். கோபுரம் கொஞ்சம் ஞாபகம் இருந்தது. அம்மா வாங்கி உண்டியலில் போட்ட வெள்ளிப் பாம்பு நன்றாக ஞாபகம் இருந்தது. வேறொன்றும் இல்லை.

தோழிகளோடு இப்படி ஊர் சுற்றக் கிளம்புவது அவளுக்கு இதுதான் முதல் தடவை. கணவர் நெல்லைநாயகம் கூட, "போய்ட்டு வா. நாலு நாள் அருவியில குளிச்சிட்டு வந்தா மனசு லேசாகும்" என்றுதான் அனுப்பிவைத்தார். நல்ல கணவர் என்று அலுவலகத்தில் எல்லோரும் சொல்வார்கள். மாலதியும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

ஜெயசிங் வீட்டில் குளித்துச் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தபோது ஊர் கொதித்துக்கொண்டிருந்தது. ரத வீதிகளில் கால் வைக்க இடமில்லை. வளையல் கடை, மிட்டாய்க் கடை, பொரிகடலைக் குவியல், ஊதல் விற்கிறவன், குழந்தையைத் தோளில் தூக்கிய அப்பன்மார். சந்துகளுக்குள்ளிருந்து விசைத்தறிகளின் சத்தம் தடதடவென்று வந்துகொண்டே இருந்தது. திருவேங்கடத்துப் பேருந்து ஒன்று நடுத்தெருவில் மாட்டிக்கொண்டு ஆரனை அடித்துக்கொண்டே நின்றது. ஹெலன் ஒவ்வொரு கடையாகக் காட்டிக்கொண்டே வந்தாள். "இங்கனதான் நான் படிச்ச டியூஷன். இது போன தடவ வந்தப்ப சைக்கிள் கடை. இப்ப என்னன்னு பாரு, மூணு மாடி!" தான் பிறந்த ஊரைத் தானே புதிதாகப் பார்ப்பவள் போல வியந்தாள். வழியில் பிரியாணிக் கடை வாசனைக்குச் சிவப்ரியா அசையாமல் நின்றுவிட, மாலதி வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து ஹெலன் பார்த்ததில்லை.

கோயிலுக்குள்ளும் அதே நெரிசல். பிரகாரத்தில் ஆடிச்சுற்று நேர்ந்துகொண்ட பெண்கள் வேர்த்து ஒழுக நடந்துகொண்டே இருந்தார்கள். சர்ச்சுக்குப் போகும் வேதக்காரியான ஹெலன்தான் மற்ற இருவருக்கும் வழிகாட்டி. பாதி சிவனும் பாதி பெருமாளுமாக நிற்கும் சங்கரநாராயணரைக் காட்டினாள், புற்றுமண் வாங்கிக் கொடுத்தாள், கடைசியில் கோமதியம்மன் சன்னிதிக்கு அழைத்துப் போனாள்.

அங்கே அம்மனுக்கு எதிரே தரையில் ஒரு குழி. சக்கரம் பதித்த இடம் என்பார்கள். சித்தம் கலங்கியவர்களை அதில் உட்காரவைத்தால் அம்மன் தெளியவைப்பாள் என்று நம்பிக்கை. இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பையனை அவன் அம்மா தோளை அழுத்தி உட்காரவைத்துக்கொண்டிருந்தாள். அவன் எழுந்திருக்கப் பார்த்தான். அவள் அழுத்தினாள். "கொஞ்ச நேரம் இருய்யா, என் ராசால்லா" என்று கெஞ்சினாள்.

மாலதி தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னட்டி, பேயறைஞ்ச மாதிரி நிக்க?" என்றாள் ஹெலன்.

வெளியே வந்து மண்டபத்தில் உட்கார்ந்த பிறகுதான் மாலதி சொன்னாள். அலுவலகத்தில் யாரிடமும் சொல்லாத கதை. ஹரிசங்கர் என்ஜினியரிங் கடைசி வருஷம் படிக்கும்போது அவனுக்கு அது வந்தது. காதில் யாரோ பேசுகிறார்கள் என்றான். படிப்பு நின்றது. அப்பா போனார், அம்மா போனாள், அவன் மாலதி வீட்டுக்கு வந்தான். மாத்திரை போட்டால் நாள் முழுக்கத் தூக்கம். போடாவிட்டால் வீடு ரணகளம். பிறகு ஒரு ஆடி மாதம், மதுரையில் ஒரு நல்ல டாக்டர் இருக்கிறார் என்று நெல்லைநாயகம் அவனை அழைத்துப் போனார். தனியாகத் திரும்பி வந்தார். மதுரை ஸ்டேஷன் கூட்டத்தில் கையை உதறிக்கொண்டு ஓடிவிட்டான் என்றார். போலீசில் எழுதிக் கொடுத்தார்கள். மாலதி லீவு போட்டுவிட்டு மதுரையில் தேடாத தெரு இல்லை, ஏறாத காப்பகம் இல்லை. ஏழு வருஷமாகிவிட்டது.

சிவப்ரியா அழுதாள். ஹெலன் அழவில்லை. "போட்டோ வச்சிருக்கியா?" என்று கேட்டாள்.

கைபேசியில் இருந்தது. சோடாபுட்டிக் கண்ணாடி, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை.

"மதுரைக்கும் இங்கனைக்கும் ஒரே ரயிலுதான். தொலைஞ்சவங்க வந்து சேர்ற ஊரு இது. கேட்டுப் பாத்தா என்ன குறைஞ்சா போயிரும்?"

மாலதிக்கு இஷ்டமில்லை. கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்ப் பல வருஷமாகிறது. ஹெலன் விடவில்லை. சன்னிதி வாசலில் பூக்கட்டும் பெண்களிடம் கைபேசியை நீட்டினாள். முதல் இருவர் உதட்டைப் பிதுக்கினார்கள். மூன்றாவது அம்மாள், நாரைப் பல்லில் கடித்தபடி எட்டிப் பார்த்தவள், நாரைத் துப்பிவிட்டுச் சொன்னாள்:

"ஏ, இது நம்ம கமெண்ட்ரில்லா!"

மாலதி பூக்கூடைகளைத் தாண்டி முன்னால் வந்தாள். எட்டு வயதிலேயே ஹரி சீப்பை மைக் போலப் பிடித்துக்கொண்டு கிரிக்கெட் கமெண்ட்ரி சொல்வான். இங்கிலீஷில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி. வீட்டில் அம்மா தோசை ஊற்றினால் அதற்கும் சொல்வான். வேறு எவனும் கிடையாது. அவனேதான்.

"எங்க இருக்கான்?" என்று கத்தினாள்.

அந்த அம்மாள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். "ரயில்வே ஸ்டேஷன் முன்னால மைதீன் பாய் டீக்கடை இருக்கும்மா. அவருகிட்ட கேளுங்க. அவருக்குத்தான் எல்லாம் தெரியும்."

அந்தக் குனிவை மாலதி பார்க்கவில்லை. ஹெலன் பார்த்தாள். ஆட்டோவில் போகும்போது மாலதி பேசிக்கொண்டே வந்தாள். இளைத்திருப்பானோ, கண்ணாடி உடைந்திருக்குமோ, முதலில் ஒரு நல்ல சட்டை வாங்க வேண்டும், ஜெயசிங் கடையிலேயே வாங்கிவிடலாம். ஹெலன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

மைதீன் பாட்சாவுக்கு அறுபது வயதிருக்கும். பாய்லருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். படத்தை வாங்கி, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், நெடுநேரம் பார்த்தார். பிறகு மாலதியைப் பார்த்தார்.

"நீங்க அந்த அக்காவா?"

"ஆமா."

"உக்காருங்கம்மா." உள்ளே திரும்பி, "ஜன்னத்து, இங்கன வா. கமெண்ட்ரியோட அக்கா வந்திருக்காங்க" என்றார். அவர் மனைவி ஜன்னத்துல் பிர்தௌஸ் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். வந்தவள் மாலதியின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகில் கைவைத்தாள். அப்போதே மாலதிக்குத் தெரிந்துபோயிற்று.

"போன கார்த்திகையில மௌத்தாயிட்டாரும்மா" என்றார் மைதீன் பாட்சா.

மாலதி அழவில்லை. கடைக்கு முன்னால் ஒரு சிறப்பு ரயிலின் கூட்டம் ஸ்டேஷனிலிருந்து இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடி கேட்டாள். "எப்படி இருந்தான்?"

"நல்லாத்தான் இருந்தாரு. ஒருத்தருக்கும் தொந்தரவு கெடயாது. பிளாட்பாரத்துல தண்ணிக் குழாய்க்குப் பக்கத்துல ஒரு பெஞ்சு, அதுதான் அவருக்கு. காலையில இங்க வந்து டீ குடிப்பாரு, கிளாஸ் கழுவித் தருவாரு. நாங்க கொடுக்கறதச் சாப்பிடுவாரு. ரயில் வந்தா கமெண்ட்ரி. 'செங்கோட்டை எண்டுல இருந்து ஓடி வருது, ஓடி வருது, அருமையா நின்னுருக்கு' அப்படின்னு. காலேசுப் பயலுவ எல்லாம் கேக்கதுக்குன்னே வருவானுவ. சிரிப்பாணியா இருக்கும்மா. ஊருல எல்லாருக்கும் அவரு கமெண்ட்ரி அண்ணாச்சிதான்."

"யாரும் ஒரு ஆஸ்பத்திரியில, காப்பகத்துல சேர்க்கலையா?" என்று கேட்டாள் சிவப்ரியா.

"சேர்க்காம என்ன. திருநெல்வேலியில இருந்து ரெண்டு தடவ வேன் வந்துச்சு. ஏற மாட்டேன்னுட்டாரு. பெஞ்சைக் கட்டிப் பிடிச்சிக்கிட்டாரு. நான் இங்கன இருந்து போனா அத்தான் தேடுவாவன்னு."

"யாரு?" என்றாள் மாலதி.

"அத்தான். அதத்தான் முத நாள்ல இருந்து சொல்லுவாரு. வீடு எங்கன்னு கேட்டா சொல்லத் தெரியாது. 'அத்தான் டிக்கெட் எடுக்கப் போயிருக்காவ, இப்ப வந்துருவாவ' அப்படிம்பாரு. இருந்த வருஷம் பூராவும் அதே பேச்சுத்தான். கார்த்திகை மழையில காய்ச்சலோட கெடக்காரு. கடைக்குள்ள வந்து படுங்கன்னு கூப்பிட்டா, வர மாட்டேங்காரு. உள்ள படுத்தா அத்தானுக்குத் தெரியாதாம். மூச்சு முட்டின பொறவு தூக்கிக்கிட்டுப் பெரியாஸ்பத்திரிக்கு ஓடினோம். ஒரு பகல்தான் இருந்தாரு."

ஹரிக்கு அக்கா ஒருத்திதான். அத்தானும் ஒருவர்தான்.

மாலதி கைபேசியை எடுத்தாள். மகள் பட்டம் வாங்கிய அன்று எடுத்த படம் முகப்பில் இருந்தது. அவள், மகள், நெல்லைநாயகம். யாரிடமும் ஒன்றும் கேட்காமல் அதை மேசைமேல் வைத்தாள். ஜன்னத்துல் பிர்தௌஸ் குனிந்து பார்த்தாள். பார்த்தவள் புருஷன் முகத்தைப் பார்த்தாள்.

"சொல்லுங்க" என்றாள் மாலதி.

"இவரு ஒரு தடவ வந்தாரும்மா. மூணு நாலு வருஷம் இருக்கும். இங்கனதான் நின்னு டீ குடிச்சாரு. அந்த வேப்பமரத்துக்குப் பின்னால நின்னு பிளாட்பாரத்தையே பாத்துக்கிட்டிருந்தாரு. 'அவரு சாப்பிடுதாரா?'ன்னு என்கிட்ட கேட்டாரு. ஏதோ எரக்கப்பட்ட மனுசன்னு நெனச்சேன். ஆமா சாப்பிடுதாருன்னேன். கண்ணத் தொடச்சிக்கிட்டு அடுத்த ரயிலுக்குப் போயிட்டாரு."

அன்று சாயங்காலம் வழக்கம்போல நெல்லைநாயகம் கூப்பிட்டார். குற்றாலத்தில் சாரல் எப்படி என்று கேட்டார்.

"நான் சங்கரன்கோவில்ல இருக்கேன்" என்றாள் மாலதி.

அந்தப் பக்கம் டிவி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"கெளம்பி வாங்க" என்று சொல்லிவிட்டு வைத்தாள். அவர் ஏன் என்று கேட்கவில்லை.

மறுநாள் காலை ரயிலில் வந்தார். தவசுக் கூட்டம் பெட்டி பெட்டியாக இறங்கிப் போய்ப் பிளாட்பாரம் வெறிச்சோடிய பிறகு, கையில் ஒரு சின்னப் பையோடு நின்றுகொண்டிருந்தார். முகம் ஒரே ராத்திரியில் கிழடு தட்டியிருந்தது. தோழிகள் இருவரும் டீக்கடையில் நின்றுகொண்டார்கள். மாலதி தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவர் அதில் உட்காரவில்லை.

"அவன் எங்க?"

"செத்துட்டான். போன கார்த்திகையில."

அவர் பையைக் கீழே வைத்தார். அவர் உதடு கோணியது. அழுகையா என்று அவளுக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ளவும் தோன்றவில்லை.

"நான் கொல்லக் கூட்டிட்டு வரல மாலதி. உங்க அம்மா எப்பவும் சொல்லுவாங்கல்லா, கோமதியம்மன் முன்னால உக்கார வச்சாத் தெளிஞ்சிரும்னு. மதுரை டாக்டர் ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டாரு. அங்க இருந்து நேரா இங்க வந்தேன். மூணு நாள் உக்கார வச்சேன். ஒண்ணும் நடக்கல. கூட்டத்துல ஒரு பொம்பளைய அடிச்சிட்டான், எனக்கும் அடி விழுந்துச்சு. திரும்பி இந்த ஸ்டேஷனுக்கு வந்தோம். இருடே, டிக்கெட் எடுத்துட்டு வாரேன்னு சொன்னேன். டிக்கெட் எடுக்கத்தான் போனேன். சத்தியமா."

"பொறவு?"

"ரயில் வந்துச்சு. நான் ஏறிட்டேன்."

மாலதி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"ராஜபாளையத்துல இறங்கினேன். திரும்பிப் போகணும்னுதான் இறங்கினேன். பிளாட்பாரத்துல ரொம்ப நேரம் நின்னேன். கால் வரல. வீட்டுக்கு வந்தப்பொறவு நீ அழுதே. ஆனா பாப்பா அன்னைக்குத்தான் கதவப் பூட்டாமத் தூங்கினா. அதப் பாத்ததும் வாய் அடைச்சுப் போச்சு."

"நான் மதுரையில தெருத்தெருவா அலைஞ்சேன். நீங்களும் கூட வந்தீங்க. ஒவ்வொரு வீடா ஏறி போட்டோவக் காட்டினீங்க."

"என்ன செய்யச் சொல்லுத?" அவர் குரல் உயர்ந்தது. "நீதான சொன்னே. குக்கர் மூடியத் தூக்கி எறிஞ்சு பாப்பாவுக்குப் புருவம் கிழிஞ்ச அன்னைக்கு நீதான சொன்னே, இவன் எங்கனயாவது தொலைஞ்சா நிம்மதின்னு. உன் வாயால சொன்னே!"

அவள் சொன்னாள்தான். அடுப்படியில் நின்று, மகளின் ரத்தம் தோய்ந்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள். அந்த வார்த்தை இத்தனை வருஷமும் அவளுக்குள் முள்ளாகக் கிடந்தது. தன் நாக்குதான் தம்பியைத் தொலைத்தது என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறாள். அவன் தானாக ஓடியதாக நம்பிய காலத்திலேயே நினைத்தாள்.

"சொன்னேன்" என்றாள். "சொல்லிட்டு அன்னைக்கு ராத்திரியே அவனுக்குச் சோறு பெசஞ்சு ஊட்டினேன். அதையும் நீங்க பாத்துக்கிட்டுத்தான் இருந்தீங்க."

அவர் குனிந்து பையை எடுத்துக்கொண்டார்.

மைதீன் பாட்சா ஆட்டோ சொல்லியிருந்தார். ஓட்டுபவர் இசக்கிப்பாண்டி. ஹரியை எடுத்துப் போனதும் அதே ஆட்டோதான். "கையில சாமிக் கயிறு கெடந்துச்சு, நம்ம ஆளுன்னு தெரிஞ்சுது. பாய்மார்தான் குழி வெட்டினாங்க. நான் மொத மண்ணு போட்டேன். மொட்டையும் அடிச்சேங்க்கா, யாராவது செய்யணும்லா" என்று வண்டியை ஓட்டிக்கொண்டே சொன்னார். நெல்லைநாயகம் இன்னொரு ஆட்டோவில் பின்னால் வந்தார். வர வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, வாருங்கள் என்றும் சொல்லவில்லை.

ஊருக்கு வெளியே, கரிசல் காட்டின் ஓரத்தில் இருந்தது இடுகாடு. ஒரே சீமைக் கருவேலம். பிளாஸ்டிக் பைகள் முள்ளில் மாட்டிப் படபடத்தன. இசக்கிப்பாண்டி முன்னால் போய் முள்ளை மிதித்து வழி பண்ணினார். ஓரிடத்தில் நின்று சுற்றுமுற்றும் பார்த்தார். இரண்டடி தள்ளிப் போனார், திரும்பி வந்தார்.

"இந்த ரெண்டு மரத்துக்கு நடுவுலதான். மேடு மழையில கரைஞ்சிட்டு. கல்லு நடணும்னு நெனச்சோம், விட்டுப் போச்சு."

எது தலைமாடு, எது கால்மாடு என்று தெரியவில்லை. மாலதி மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மாட்டுக் குளம்புகளின் தடம் பதிந்து காய்ந்திருந்தது. பாலில்லை, பூவில்லை, கையில் ஒன்றுமே கொண்டுவரவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. "ஹரி" என்று கூப்பிட்டாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. ஹெலனும் சிவப்ரியாவும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டார்கள். மைதீன் பாட்சா சற்றுத் தள்ளி நின்று கையேந்தித் துஆ செய்தார்.

நெல்லைநாயகம் ஆட்டோவை விட்டு இறங்கவேயில்லை. திரும்பும்போது மாலதி அவரிடம் போனாள்.

"நீங்க வீட்டுக்குப் போங்க. பாப்பாகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொல்லி அவ கேக்கக்கூடாது."

"நீ எப்ப வருவே?"

அவள் திரும்பி இசக்கிப்பாண்டியின் ஆட்டோவில் ஏறினாள்.

மாலையில் பேருந்து நிலையத்துக்குப் போக வழியில்லாமல் மூவரும் தெற்கு ரத வீதியில் கூட்டத்துக்குள் சிக்கிக்கொண்டார்கள். அம்மனுக்குச் சங்கரநாராயணர் காட்சி கொடுக்கும் நேரம். சுற்றுப்பட்டு ஊரெல்லாம் அங்கேதான் நின்றது. குலவைச் சத்தம் காதைத் துளைத்தது. விளைந்ததைக் கொண்டுவந்த சம்சாரிகள் பருத்தியையும் வத்தலையும் சப்பரத்தை நோக்கி வாரி வீசினார்கள். சிவப்ரியா தன்னையறியாமல் கைகூப்பிவிட்டு, சட்டென்று கூச்சப்பட்டுக் கையை இறக்கினாள். "கும்பிட்டுக்க சிவா" என்றாள் மாலதி. "எனக்காக விட்ராத." அவள் மட்டும் கும்பிடவில்லை. சுற்றிலும் இருந்த முகங்களைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இவர்களில் எத்தனை பேர் தன் தம்பிக்கு ஒரு வாய் சோறு போட்டிருப்பார்கள் என்று தோன்றியது. அவள் வீட்டில் எல்லோரும் அவனைக் கண்டு நடுங்கினார்கள். இந்த ஊரில் அவன் பேச்சைக் கேட்கக் கூடினார்கள். அதை நினைக்க ஆறுதலாக இல்லை. பொறாமையாகக்கூட இருந்தது.

ஊர் திரும்பும் வழியில் மதுரையில் அவள் மட்டும் இறங்கப் பார்த்தாள். தோழிகள் விடவில்லை, கூடவே இறங்கினார்கள். பழைய புகார் கொடுத்த காவல் நிலையத்தில் ஆட்கள் மாறியிருந்தார்கள். எழுத்தர் அம்மாள் பொறுமையாகக் கேட்டாள். காணாமல் போனவர் இறந்துவிட்டார் என்பதுவரை எழுதினாள். கணவர் பெயர் வந்ததும் பேனாவை மூடிவைத்தாள்.

"நல்லா யோசிச்சுக்கிட்டீங்களாக்கா? அவர் கவர்ன்மென்ட் வேலை. பொண்ணு வேற கல்யாண வயசுல இருக்கு. ஆளும் இறந்தாச்சு. எழுதி இனிமே என்ன ஆகப்போகுது?"

"ஒண்ணும் ஆகாதுன்னு தெரியும்" என்றாள் மாலதி. "அவன் ஓடிப்போனான்னு இங்க எழுதி வச்சிருக்கு. அவன் ஓடிப்போகல."

அந்த அம்மாள் மூன்று பேரையும் பார்த்தாள். பிறகு மின்விசிறியைக் கூட்டி வைத்துவிட்டு, "முதல்ல இருந்து சொல்லுங்க" என்றாள்.